உஷார்! ஆர்ச்சருக்கு ஸ்கில் புள்ளி போடும் முன் இதைப் படியுங்கள்

ராக்னராக் ஆன்லைன் ஆடுகிறீர்களா? அதிலும் வில்லைத் தூக்கிக்கொண்டு ஆர்ச்சராக ஆடுகிறீர்களா? ஸ்கில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் முதலில் அதை மூடுங்கள். மவுஸிலிருந்து கையை எடுங்கள். இதைப் படித்து முடித்துவிட்டு அப்புறம் தொடுங்கள்.

போட்ட புள்ளி சுலபமாகத் திரும்பி வராது.

இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பிள்ளைகள் மாசக்கணக்கில் வளர்த்த ஆளை வீணாக்கிவிட்டு நிற்கிறார்கள்! தவறான கவசம் வாங்கினால் விற்றுவிடலாம். தவறான ஊருக்குப் போனால் திரும்பி வரலாம். தவறான ஸ்கில்லில் போட்ட புள்ளியை மட்டும் அவ்வளவு லேசாகப் பிடுங்கி எடுக்க முடியாது.

தென்கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002-இல் வெளியிட்ட விளையாட்டு இது. லீ மியுங் ஜின் வரைந்த சித்திரக்கதையின் உலகத்தில் நடப்பது. இருபது வருஷம் தாண்டியும் புது ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பழைய ஆட்களுக்குக் குழி எங்கே இருக்கிறது என்று தெரியும். அவர்கள் ஒருமுறை விழுந்து எழுந்தவர்கள். புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. விளையாட்டும் சொல்லாது. கையில் புள்ளி இருந்தால் பட்டன் ஒளிரும், அழுத்தினால் நிலை ஏறும். ‘இது உனக்கு வேண்டாம் தம்பி’ என்று எந்தப் பெட்டியும் திரையில் வந்து தடுக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன். கல்லூரியில் படிக்கிறான். பெயர் வேண்டாம், பாவம், ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறான். நோவிஸாகத் தொடங்கி, பத்தாவது ஜாப் நிலை வரை வந்து, ஒன்பது புள்ளியையும் பேசிக் ஸ்கில்லில் போட்டு, பாயோன் ஊருக்குப் போய், வில்லோ மரங்களை அடித்துக் கட்டை சேகரித்துக் கொடுத்து ஆர்ச்சர் ஆனான். அதுவரை எல்லாம் சரி. அங்கே யாரும் தப்பு செய்ய வழியே இல்லை.

தப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஏதோ ஒரு வீடியோவில் ஏரோ ஷவர் பார்த்திருக்கிறான். அம்பு மழை. ஒரே வீச்சில் கூட்டமே சரிகிறது. பார்க்க அவ்வளவு அழகு. ‘எனக்கு இதுதான் வேண்டும்’ என்று முடிவு கட்டிவிட்டான். ஏரோ ஷவர் திறக்க வேண்டுமானால் டபுள் ஸ்ட்ரேஃப் ஐந்தாம் நிலையில் இருக்க வேண்டும். சரி என்று ஐந்து புள்ளி போட்டான். கதவு திறந்தது. அதோடு டபுள் ஸ்ட்ரேஃபை விட்டுவிட்டான். அடுத்த பத்துப் புள்ளியும் ஏரோ ஷவருக்கு. பிறகு அவுல்ஸ் ஐ பத்து, வல்ச்சர்ஸ் ஐ பத்து.

ஜாப் நிலை 40. நண்பர்கள் எல்லாரும் ஹண்டராக மாறிக்கொண்டிருக்கிறார்கள். இவனுக்கும் அவசரம். தேர்வை எல்லாம் முடித்துவிட்டுப் போய் நின்றால், ‘உன்னிடம் இன்னும் ஸ்கில் புள்ளி மிச்சம் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு வா’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். நான்கு புள்ளி மிச்சம். யோசிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நான்கையும் இம்ப்ரூவ் கான்சென்ட்ரேஷனில் போட்டான். ஹண்டர் ஆகிவிட்டான். பருந்து வந்தது. சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

முதல் அடி பார்ட்டியில் விழுந்தது. டேங்க் ஆள் உயிரைக் கொடுத்து மான்ஸ்டர்களை ஒரே இடத்தில் குவித்து வைத்திருக்கிறான். விசார்டு அந்தக் குவியலின் மேல் ஸ்டார்ம் கஸ்ட் போடுவதற்கு மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறான். இவன் உற்சாகமாக ஏரோ ஷவர் விடுகிறான். அம்பு பட்ட மான்ஸ்டர்கள் இரண்டிரண்டு கட்டம் பின்னால் தள்ளப்பட்டுச் சிதறுகின்றன. குவியல் கலைந்தது. சிதறியதில் பாதி இவன் மேலேயே பாய்ந்தது. ஆர்ச்சர் பரம்பரையில் வந்தவனுக்கு உயிர்ப்புள்ளி எவ்வளவு இருக்கும்? விழுந்தான். கூடவே விசார்டும் விழுந்தான். அதோடு அந்தப் பார்ட்டி இவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது.

அடுத்த அடி ஒற்றை மான்ஸ்டரிடம். ஒரே ஒரு பெரிய எதிரி நிற்கும்போது ஏரோ ஷவரால் என்ன பயன்? டபுள் ஸ்ட்ரேஃப்தான் கை கொடுக்க வேண்டும். அது ஐந்தாம் நிலையிலேயே நின்றுவிட்டது. ஐந்தாம் நிலையில் அந்த இரண்டு அம்பும் சேர்ந்து 280 சதவீதம். பத்தாம் நிலையில் 380 சதவீதம். இரண்டுக்கும் செலவு ஒன்றுதான், 12 எஸ்.பி. கவனியுங்கள், அதே செலவு! நண்பன் மூன்று தடவையில் முடிப்பதை இவன் நான்கு தடவை அடித்து முடிக்கிறான். அந்த நான்காவது தடவைக்குள் எதிரி பக்கத்தில் வந்துவிடுகிறது.

‘அக்கா, இதை எப்படிச் சரி பண்றது?’ என்று கேட்டான். வழி இருக்கிறது. ஹண்டராகச் சம்பாதிக்கும் புள்ளிகளைப் பழைய ஆர்ச்சர் ஸ்கில்லில் போடலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். டபுள் ஸ்ட்ரேஃபுக்கு ஐந்து, கான்சென்ட்ரேஷனுக்கு ஆறு. பதினொரு புள்ளி. ஹண்டருக்கு மொத்தமே 49 புள்ளிதான் கிடைக்கும். பொறிகள், பருந்து, பிளிட்ஸ் பீட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆர்ச்சராக இருந்தபோது செய்த தவறுக்கு ஹண்டர் பதினொரு புள்ளி தண்டம் கட்ட வேண்டும்.

இதுதான் ஆபத்து. தவறு ஒரு வயதில் நடக்கிறது, தண்டம் இன்னொரு வயதில் வருகிறது. அதனால்தான் நடக்கும்போது யாருக்கும் தெரிவதில்லை.

இப்போது கணக்கை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்ச்சருக்குப் புள்ளி போட்டு வளர்க்கும் ஸ்கில் ஐந்து. ஒவ்வொன்றும் பத்து நிலை. ஆக 50 புள்ளி தேவை. ஆர்ச்சர் ஜாப் நிலை 50 வரை போனாலும் கிடைப்பது 49.

ஒரு புள்ளி குறைகிறது. எல்லாவற்றையும் நிரப்பவே முடியாது. முதல் நாளே இது தெரிந்திருக்க வேண்டும்.

நாற்பதில் மாறுகிறவர்கள் இன்னும் உஷார்! அவர்களுக்குக் கிடைப்பது 39 மட்டும். ஏரோ ஷவரைத் தொடாமலே இருந்தாலும் மற்ற நான்கையும் நிரப்ப 40 வேண்டும். அங்கேயும் ஒன்று குறைகிறது! ‘40 வந்தாச்சு, மாறிடலாம்’ என்று சொல்கிற நண்பன் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்வான், ஆனால் அவன் உங்கள் புள்ளியை எண்ணிப் பார்த்திருக்க மாட்டான். ஒரே ஒரு நிலை பொறுத்து 41-இல் மாறினாலே அந்த நான்கும் நிறைந்துவிடும். 50 வரை பொறுத்தால் பத்துப் புள்ளி கூடுதல். கடைசிப் பத்து நிலைகள் ஆமை வேகத்தில்தான் ஏறும், எனக்குத் தெரியும். ஆனாலும் பொறுக்கச் சொல்வேன்.

சரி, ஏரோ ஷவர் ஏன் இவ்வளவு பயப்பட வைக்கிறது?

அது கெட்ட ஸ்கில் இல்லை. ஏமாற்றும் ஸ்கில். பழைய விதிமுறையில் ஓடும் சர்வர்களில் பத்தாம் நிலையில் அதன் அடி 125 சதவீதம், பரப்பு 3×3 கட்டம், செலவு 15 எஸ்.பி. டபுள் ஸ்ட்ரேஃப் 12 எஸ்.பி.யில் 380 சதவீதம் அடிக்கிறது. அப்படியென்றால் ஏரோ ஷவர் அதற்கு ஈடாக வேண்டுமானால் அந்தச் சின்ன 3×3 கட்டத்துக்குள் குறைந்தது நான்கு மான்ஸ்டர் நெருக்கியடித்து நிற்க வேண்டும். தனியாக ஆடும் ஆர்ச்சருக்கு நான்கு மான்ஸ்டர் அப்படி வந்து நிற்கிறது என்றால், அவர் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்! நின்றாலும் முதல் வீச்சிலேயே அவை தள்ளிவிடப்பட்டுச் சிதறும். இரண்டாவது வீச்சுக்கு நான்கும் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. அம்பு பட்ட ஒவ்வொன்றும் உங்களை எதிரியாகப் பார்க்கும். பாயோன் குகையில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஜோம்பி, எலும்புக்கூடு எல்லாம் திடீரென்று உங்களை நோக்கித் திரும்பும். கூட்டத்தில் வில் பிடித்த எலும்புக்கூடு ஒன்று இருந்தால் தொலைந்தது, அது பக்கத்தில் வரவே தேவையில்லை.

வீடியோவில் கூட்டமே சரிந்ததே என்று கேட்பீர்கள். அந்த வீடியோவில் ஆடியவர் எந்த நிலையில் இருக்கிறார், அந்த மான்ஸ்டர்கள் எந்த நிலையில் இருக்கின்றன, கையில் என்ன வில், அதில் என்ன கார்டு என்று பார்த்தீர்களா? வலுவான ஆள் பலவீனமான கூட்டத்தில் எதை வீசினாலும் சரியும்.

கூட்டத்தைத் தள்ளிவைத்துத் தப்பிக்க அது உதவும், மறுக்கவில்லை. அதற்கு அதை முழுக்க வளர்க்க வேண்டியதில்லை. முதல் நிலையிலும் அதே இரண்டு கட்டம்தான் தள்ளுகிறது. தள்ளுவதற்கென்றே இன்னொரு ஸ்கில் இருக்கிறது தெரியுமா? ஏரோ ரிப்பெல். ஆறு கட்டம் தள்ளும், 150 சதவீதம் அடிக்கும். ஜாப் நிலை 35-க்கு மேல் ஒரு குவெஸ்ட் முடித்தால் கிடைக்கும். ஒரு புள்ளிகூடச் செலவில்லை. இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பத்துப் புள்ளியைக் கொட்டுகிறார்கள். வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இனி யாரும் மதிக்காத ஸ்கில்களுக்கு வருகிறேன். அவை அடிக்காது, மின்னாது, சத்தம் போடாது. அதனால்தான் பிள்ளைகள் அவற்றை மிச்சப் புள்ளி கொட்டும் இடமாக நினைக்கிறார்கள். ஆபத்து!

அவுல்ஸ் ஐ. ஒவ்வொரு நிலைக்கும் டெக்ஸ் ஒன்று கூடும். அவ்வளவுதானா என்று அலட்சியம் வேண்டாம். வில்லின் அடி டெக்ஸில்தான் இருக்கிறது. பழைய விதிமுறையில் டெக்ஸ் எண்ணோடு, அதைப் பத்தால் வகுத்து வரும் முழு எண்ணின் வர்க்கமும் சேரும். டெக்ஸ் 80 என்றால் 80-உம் 64-உம் சேர்ந்து 144. டெக்ஸ் 90 என்றால் 90-உம் 81-உம் சேர்ந்து 171. அந்தப் பத்து டெக்ஸை அவுல்ஸ் ஐ சும்மா தருகிறது. 79-இல் நின்றால் 128, ஒன்று கூட்டி 80 ஆக்கினால் 144. ஒரே டெக்ஸுக்குப் பதினாறு கூடுகிறது! பத்தின் மடங்குக்கு ஒன்றிரண்டு குறைவாக டெக்ஸை நிறுத்தி வைத்திருக்கும் ஆர்ச்சர் தினமும் நஷ்டப்படுகிறார், அவருக்கே தெரியாமல்.

வல்ச்சர்ஸ் ஐ. அவுல்ஸ் ஐ மூன்று இருந்தால்தான் திறக்கும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கட்டம் தூரம் கூடும், குறி தவறாமல் படும் வாய்ப்பும் கூடும். வில்லின் சொந்தத் தூரம் ஐந்து கட்டம்தான். இது ஏன் உயிர்நாடி என்று சொல்கிறேன். இஸ்லூட் பக்கத்தில் பையலான் தீவின் கடலடிக் குகையில் ஹைட்ரா இருக்கிறது. நகராது. நின்ற இடத்திலேயே நிற்கும். ஆர்ச்சர்கள் காற்று அம்பு வாங்கிக்கொண்டு அதைத் தேடிப் போவார்கள், ஏனென்றால் அது தண்ணீர்த் தன்மை கொண்டது. ஆனால் அது ஏழு கட்டம் தூரம் வரை அடிக்கும். வல்ச்சர்ஸ் ஐ மூன்று இருந்தால் எட்டுக் கட்டத்திலிருந்து நிம்மதியாக அடிக்கலாம். இல்லாதவர் ஐந்து கட்டத்துக்குள் போய் நின்று அடி வாங்கிச் சாக வேண்டியதுதான். ‘நகராத மான்ஸ்டர், பயமில்லை’ என்று கேள்விப்பட்டுப் போய் விழுந்தவர்கள் நிறையப் பேர்.

தூரம் என்பது ஆர்ச்சருக்குக் கவசம். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். டபுள் ஸ்ட்ரேஃப் எவ்வளவு தூரம் எட்டும் என்பதும் இதை வைத்துத்தான்.

இம்ப்ரூவ் கான்சென்ட்ரேஷன். அந்தப் பையன் நின்ற இடத்தில் நான்கு புள்ளி கொட்டினானே, அதே ஸ்கில். நான்காம் நிலையில் அஜியும் டெக்ஸும் 6 சதவீதம் கூடும், 120 விநாடி நிற்கும். பத்தாம் நிலையில் 12 சதவீதம், 240 விநாடி. மறைந்து நிற்கிற எதிரியைப் பக்கத்தில் இருந்தால் காட்டியும் கொடுக்கும். பத்தாம் நிலைக்கு 70 எஸ்.பி. பிடிக்கும். எஸ்.பி. குறைவான ஆர்ச்சருக்கு அது பெரிய தொகைதான். அதனால் சண்டைக்கு நடுவில் போடாமல், உட்கார்ந்து எஸ்.பி. ஏற்றிக்கொண்டு, சண்டைக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

எஸ்.பி. பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். டபுள் ஸ்ட்ரேஃப் 12 எஸ்.பி.தானே என்று போரிங்குக்கும் லூனாட்டிக்குக்கும் எல்லாம் அடித்துக்கொண்டிருந்தால், உண்மையான ஆபத்து வரும் நேரத்தில் எஸ்.பி. காலியாக இருக்கும். சின்னதற்குச் சாதாரண அம்பு போதும். ஸ்கில்லைச் சேமித்து வையுங்கள். அம்பின் தன்மையையும் பாருங்கள். ஜோம்பிக்கு வெள்ளி அம்பு, ஹைட்ராவுக்குக் காற்று அம்பு. தன்மை பொருந்தாத அம்பை வைத்துக்கொண்டு ‘என் ஸ்கில் வீக்’ என்று முடிவுகட்டி, வேறு ஸ்கில்லில் புள்ளி கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விஸ்பர் போன்ற ஆவிகளைச் சாதாரண அம்பால் அடித்துப் பாருங்கள், எவ்வளவு வளர்ந்த டபுள் ஸ்ட்ரேஃபும் பூப்போலத்தான் விழும். அதற்குக் காரணம் ஸ்கில் இல்லை, அம்பு.

இந்த அறிகுறிகள் உங்களிடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

ஐந்து ஸ்கில்லும் ஆறு, ஏழு, எட்டு என்று சமமாக நிற்கிறதா? ஆபத்து. எதுவும் முழுசாக இல்லை என்று அர்த்தம். 39 புள்ளியை ஐந்தாகப் பிரித்துப் போட்ட ஆர்ச்சரிடம் ஹண்டர் ஆகும்போது உருப்படியாக ஒன்றும் இருக்காது.

டபுள் ஸ்ட்ரேஃப் சரியாக ஐந்தில் நிற்கிறதா? அதைக் கதவாக மட்டும் பயன்படுத்தியிருக்கிறீர்கள். மிச்சப் புள்ளி கையில் இருந்தால் இன்றே முதலில் அதைப் பாருங்கள்.

புள்ளி வந்த உடனே, ஊருக்குக்கூடத் திரும்பாமல், மான்ஸ்டர் நடுவிலேயே நின்று போடுகிற பழக்கம் இருக்கிறதா? நிறுத்துங்கள். புள்ளி கையில் இருப்பதால் ஒரு கெடுதலும் இல்லை. அது கெட்டுப்போகாது, காலாவதி ஆகாது. ஜாப் மாறுகிற நேரம்வரை வைத்திருக்கலாம். ஆனால் மாறும்போது கையில் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த வாசலில் நின்றுகொண்டு முடிவெடுக்காதீர்கள். முந்தின நாளே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து என்ன ஆகப்போகிறோம் என்று கேட்டால் ‘தெரியலை, அப்புறம் பார்ப்போம்’ என்கிறீர்களா? இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அபாயச் சங்கு.

ஏன் என்று கேளுங்கள். ஆர்ச்சருக்கு முன்னால் இரண்டு பாதை. ஒன்று ஹண்டர். இன்னொன்று ஆண் பாத்திரம் என்றால் பார்டு, பெண் பாத்திரம் என்றால் டான்சர். நிலை 99-உம் ஜாப் 50-உம் எட்டி, 12,85,000 ஜெனி கட்டி, மறுபிறவி எடுத்தால் முதலிலிருந்து மறுபடி ஏறி ஹை ஆர்ச்சர் ஆவீர்கள். புள்ளியும் புதிதாகக் கிடைக்கும். ‘மறுபிறவியில் சரி பண்ணிக்கலாம்’ என்று ஆறுதல் சொல்வார்கள். 99 வரை உடைந்த ஆளோடு யார் ஏறுவது? ஏறினாலும், அதே தவறை அங்கேயும் செய்தால் தண்டம் இன்னும் பெரியது.

ஹண்டர் பாதையில் போகிறவர் பிறகு ஸ்னைப்பர் ஆவார். அவருடைய பெரிய ஆயுதம் ஷார்ப் ஷூட்டிங். அது திறக்க டபுள் ஸ்ட்ரேஃப் ஐந்தும், இம்ப்ரூவ் கான்சென்ட்ரேஷன் முழுசாகப் பத்தும் இருக்க வேண்டும். பத்து! ஒன்று குறைந்தாலும் திறக்காது. கான்சென்ட்ரேஷனை மிச்சம் கொட்டும் இடமாக நினைத்தவர்கள் அங்கே போய்ப் பூட்டின கதவு முன்னால் நிற்கிறார்கள்.

பார்டு, டான்சர் பாதையில் போகிறவர் மறுபிறவியில் கிளவுன் அல்லது ஜிப்ஸி ஆவார். அவர்களுடைய ஆயுதம் ஏரோ வல்கன். பத்தாம் நிலையில் 1,200 சதவீதம் அடிக்கிற ஸ்கில் அது. அது திறக்க டபுள் ஸ்ட்ரேஃப் ஐந்தோடு ஏரோ ஷவரும் ஐந்து வேண்டும். இவ்வளவு நேரம் ஏரோ ஷவர் வேண்டாம் என்று நான் கத்தியதை அப்படியே எடுத்துக்கொண்டு அதைத் தொடாமலே விட்டால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். பாதை மாறினால் கணக்கும் மாறும். நண்பனுடைய பில்டைப் பார்த்துக் காப்பியடிக்கும் முன் அவன் எந்தப் பாதையில் போகிறான் என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால், ஹண்டர் ஆகப்போகிறவர் அவுல்ஸ் ஐ மூன்று, வல்ச்சர்ஸ் ஐ மூன்று போட்டுத் தூரத்தைப் பிடித்துக்கொண்டு, உடனே டபுள் ஸ்ட்ரேஃபைப் பத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு அவுல்ஸ் ஐ, வல்ச்சர்ஸ் ஐ, கான்சென்ட்ரேஷன் மூன்றையும் நிரப்ப வேண்டும். 50 வரை பொறுத்தவருக்கு ஒன்பது புள்ளி மிஞ்சும். அதை ஏரோ ஷவரில் போடட்டும். குறைகிற அந்த ஒரு புள்ளி அங்கேயே குறைந்து போகட்டும், நஷ்டமில்லை.

இன்னொரு எச்சரிக்கை. இது ரொம்ப முக்கியம்.

நான் சொன்ன எண்கள் எல்லாம் பழைய விதிமுறைக்கு. 2010-இல் ரினியூவல் என்ற பெரிய மாற்றம் வந்தது. அடி கணக்கிடும் முறையே மாறிவிட்டது. ரினியூவலில் ஏரோ ஷவரின் அடி நன்றாகக் கூடியது. ஆறாம் நிலையிலிருந்து பரப்பு 5×5 ஆனது. அங்கே ஏரோ ஷவர் வளர்த்தவரை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு வகை சர்வரும் இன்றைக்கும் ஓடுகின்றன. ஸ்கில்லின் பெயர் ஒன்றுதான், ஆனால் வேலை வேறு. கைப்பேசியில் வரும் ராக்னராக் விளையாட்டுகளிலும் ஆர்ச்சர் இருக்கிறார், ஸ்கில் பெயர்களும் ஒத்திருக்கும், எண்கள் வேறு. பழைய பில்டைப் புதிய சர்வரிலோ, புதியதைப் பழையதிலோ போட்டால் முடிந்தது. எந்த பில்டைப் படித்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்க வேண்டும்: இது எந்த சர்வருக்கு எழுதியது? பதில் தெரியாவிட்டால் அதைத் தொடாதீர்கள்.

தவறு நடந்துவிட்டது என்றால்? ரீசெட் இருக்கிறது. நியூரலைசர் என்ற பொருள் ஸ்கில் புள்ளி எல்லாவற்றையும் திருப்பித் தரும். ஆனால் அது காசுக்கடைச் சரக்கு. சிறுவர்கள் அம்மா அப்பா கைப்பேசியை எடுத்துப் பணம் கட்டிவிடும் இடம் இதுதான். பெற்றோரே, கவனம்! ரசிகர்கள் நடத்தும் சர்வர்களில் ஊர் நடுவில் ரீசெட் செய்து தரும் ஆள் நிற்பது உண்டு, ஆனால் எல்லா சர்வரிலும் கிடையாது. சேரும் முன்பே விசாரியுங்கள்.

இந்த வருத்தத்தில் இருக்கும் பிள்ளைகளைத்தான் கழுகுகள் தேடுகின்றன. நான் சொன்ன அந்தப் பையனுக்கும் அதுதான் நடந்தது. பார்ட்டியில் அவன் புலம்பியதைக் கேட்ட யாரோ ஒருவர் ரொம்ப அன்பாகப் பேசியிருக்கிறார். ‘தம்பி, எனக்கு ரீசெட் செய்யத் தெரியும், இலவசம்தான், உன் ஐடியும் பாஸ்வேர்டும் கொடு, பத்து நிமிஷத்தில் முடிச்சுத் தர்றேன்’ என்றாராம். கொடுத்துவிட்டான். பத்து நிமிஷம் கழித்து உள்ளே போக முடியவில்லை. வில் போனது, கார்டு போனது, ஜெனி போனது. பதினொரு புள்ளிக்காக அழுதவன் மொத்த ஆளையும் இழந்தான்.

ஸ்கில் ரீசெட் செய்ய யாருக்கும் உங்கள் பாஸ்வேர்டு தேவையில்லை. கில்டு தலைவருக்கும் தேவையில்லை. சர்வர் நடத்துகிறவருக்கும் தேவையில்லை. கேட்கிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் திருடர்தான். ‘ரீசெட் மென்பொருள்’ என்று கோப்பு அனுப்பினால் திறக்காதீர்கள். விளையாட்டுக்கு வெளியில் ஓடும் எந்த மென்பொருளாலும் சர்வரில் இருக்கிற உங்கள் புள்ளியை முறையாகத் திருப்ப முடியாது. ஆனால் நீங்கள் தட்டச்சு செய்வதை எல்லாம் அது திருட முடியும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? திட்டுவார்கள் என்று வீட்டில் மறைக்காதீர்கள். இந்த நிமிஷமே பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் முதலில் மின்னஞ்சலை மாற்றுங்கள், அது போனால் எல்லாம் போகும். உள்ளே போக முடியவில்லை என்றால், கணக்குத் தொடங்கியபோது கொடுத்த மின்னஞ்சலிலிருந்தே சர்வர் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். யாரிடம் கொடுத்தீர்கள், எந்த நேரம், என்னென்ன பொருள் இருந்தது என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். பணம் கட்டியிருந்தால் அந்த ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஜெனியும் கார்டும் கை மாறிக்கொண்டே போகும்.